என் விரலுக்கு ஐந்து ஏன்

எனக்கு முடக்குவாதம். காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. இன்று முதல் ஷிப்ட்டில் ஸ்க்ரூ முடுக்க முடியாமல், வேறு வேலை கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"இன்னா காரணம்னு எழுதாம மாத்த முடியாதும்மா" என்று ஒரு படிவத்தை எடுத்தார். மெஷின் பழுதானால், ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு நிரப்புகிற படிவம்.

"விரல் ஏன் மடங்கல?"

"மூட்டு வீங்கிக்கினு இருக்கு சார்."

"அது ஏன்?"

"கிருமிய அடிக்க வேண்டிய ரத்த அணு என் மூட்டையே அடிக்குது."

"அது ஏன்?"

"டாக்டருக்கே தெரியல சார்."

"தெரியலன்னு எழுதுனா ஆடிட்ல நான் மாட்டிப்பேன்" என்றவர், மீதி ‘ஏன்’களுக்கும் சேர்த்து யோசித்து எழுதினார்: ‘ரத்த அணு நல்ல பாகத்தைத் தவறாக ரிஜக்ட் செய்கிறது. அணுக்களுக்கு மறுபயிற்சி தேவை.’ பொறுப்பாளர் கட்டத்தில் என் பெயர். கெடு வெள்ளிக்கிழமை.

கையெழுத்துக் கேட்டார். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

‘ஊழியர் கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதி, என்னை மறுபடி ஸ்க்ரூ முடுக்க அனுப்பிவிட்டார்.

ரத்த அணுக்களுக்கு வகுப்பெடுக்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் வாருங்கள். வருகைப் பதிவேட்டில் அவையே கையெழுத்துப் போட வேண்டுமாம்.