கொக்கு மேலே, நண்டு கீழே

பூட்டைத் திறந்ததும் பாக்கியவதி டீச்சர் செருப்பைக் கழற்றி, வாசல் சிமெண்டில் வரைந்திருக்கும் செருப்புப் படத்தின் மேல் பொருத்தி வைக்கிறார். பின்னாலேயே மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் வந்து அதையே செய்கின்றன. செருப்பு இல்லாத பிள்ளைகூட அந்தப் படத்தின் மேல் ஒரு தடவை ஏறி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகும்.

சேரன்மகாதேவியிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகும் டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். ஊர்ப்பெயர் வேண்டாம். நான் சுகாதார இன்ஸ்பெக்டர். போலியோ சொட்டு மருந்து வேலையாக இரண்டு வருஷமாக அங்கே போய் வருகிறேன். பால்வாடி ஒற்றை அறைதான். எங்கே திரும்பினாலும் படம். தண்ணீர்ப் பானைக்கு மேலே ஒரு கை, அதிலிருந்து சொட்டும் துளி: கையைக் கழுவிவிட்டு வா என்று அர்த்தம். பாய் சுருட்டி வைக்கும் மூலையில் மூடிய இரண்டு கண்கள். பின்கதவில் நெளியும் பாம்பு. அந்தப் பக்கம் வாய்க்கால். அந்தக் கதவை ஒரு பிள்ளையும் தொட்டதில்லை.

"அனா ஆவன்னா படிக்க இன்னும் ரெண்டு வருசம் ஆகும்லா சார். அதுவரைக்கும் எல்லாத்துக்கும் என் சேலையப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கணுமா? படத்தப் பாத்து அதுகளாப் பைய போயிரும்" என்பார்.

வயது நாற்பத்திரண்டு. கணவர் இறந்தபின் கிடைத்த வேலை. முக்கூடலிலிருந்து தினமும் பஸ். மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறவரிடம் மிச்ச பெயிண்டைக் கேட்டு வாங்கி வைத்திருப்பதால் நகக்கண்களில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். படம் வரைய அவருக்குச் சுத்தமாக வராது. அவர் வரைந்த யானையைப் பிள்ளைகள் பன்றி என்றார்கள். தள்ளி நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பன்னிதான்" என்று ஒப்புக்கொண்டார். வேலைக்கு வந்த புதிதில் ஊர் தன்னை விசாரித்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழும். "ரெண்டு தெருக்காரங்களும் எந்த ஊருன்னு கேட்டாங்க. என்ன ஆளுகன்னு கேட்டாங்க. பேரக் கேக்கல."

இரண்டு தெரு என்றால் மேலத்தெரு, கீழத்தெரு. இரண்டும் கலந்து உட்காருகிற இடம் அந்த ஊரில் பால்வாடி ஒன்றுதான். இருபத்தாறு பிள்ளைகள், ஆளுக்கொரு படம், அவரவர் ஆசைப்பட்டுக் கேட்டது. கொக்கு, நண்டு, குடை, வெண்டைக்காய், சைக்கிள். பை மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலும் டம்ளரிலும் அந்தப் படம் இருக்கும். ஆளுக்கொரு டம்ளர் வையுங்கள், சளி பரவாது என்று டீச்சரிடம் சொன்னவன் நான்தான்.

தொண்ணூற்றாறு ஆடியில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சாமி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் தகராறு. கீழத்தெருவில் ஒன்பது வீடுகள் எரிந்தன. போலீஸ் வேன் இரண்டு வாரம் பால்வாடி வாசலிலேயே நின்றது. அது போய், பால்வாடி திறந்த அன்று காலையில் மேலத்தெரு நாறும்பூநாதன் வந்தார். ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. உள்ளே வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"டீச்சரம்மா, நீங்க படம் போட்டு வச்சது ரொம்ப நல்லதாப் போச்சு. எங்க தெருப் பிள்ளையளோட டம்ளர் எதுன்னு பாத்த உடனே தெரியுதுல்லா. அதையெல்லாம் அலமாரி மேல்தட்டுல எடுத்து வச்சிருங்க. மத்தது கீழ்த்தட்டுல இருக்கட்டும்."

"எல்லாம் சின்னப் பிள்ளையள் தானே அண்ணாச்சி."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பிள்ளையள அனுப்ப மாட்டோம்னு நாங்க சொல்லலயே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

டீச்சர் பிரித்து வைத்தார். இதை அவர் என்னிடம் மறைக்கவில்லை. "பயந்துட்டேன் சார். ஒத்தையில பஸ் ஏறி வந்து போறவ. அவரு தெரு முக்கு திரும்புறதுக்குள்ள பிரிச்சு வச்சுட்டேன்."

மூன்றாம் நாள் முத்துப்பேச்சிக்கு விக்கல் எடுத்தது. கீழத்தெருப் பிள்ளை, நான்கு வயது, அவள் படம் நண்டு. எரிந்த வீடுகளில் ஒன்று அவளுடையது. அவசரத்தில் கைக்குக் கிடைத்த கொக்கு டம்ளரை எடுத்துவிட்டாள். கொக்குக்கு உரிய பையன் அவளைவிடச் சின்னவன். ஓங்கி அடித்து டம்ளரைத் தட்டிவிட்டான்.

"நண்டு கீழ. கொக்கு மேல. உனக்குத் தெரியாதா?"

அவன் குரலில் கோபமே இல்லை என்கிறார் டீச்சர். பாட்டு ஒப்பிக்கிற குரலாம். சுற்றி நின்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. குடை மேல, வெண்டைக்கா கீழ, சைக்கிள் மேல. முத்துப்பேச்சியும் கன்னத்தில் நீர் வழிய வழிய அவர்களோடு சேர்ந்து சொன்னாள்.

"இருபத்தாறையும் சொல்லிட்டுதுக சார். ஒண்ணு தப்பல. அவ்வளவு நல்லாப் படிச்சிருக்குதுக. படிச்சுக் குடுத்தது யாரு, நாந்தானே."

அன்று மதியம் பிள்ளைகள் தூங்கியதும் மண்ணெண்ணெயும் செங்கல் பொடியும் போட்டு அத்தனை டம்ளரையும் தேய்த்தார். ஒன்றில்கூடப் படம் மிஞ்சவில்லை. எல்லாவற்றையும் கலந்து மேல்தட்டிலேயே அடுக்கினார்.

மறுநாள் மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. நாறும்பூநாதன் தன் நெல் குடோனை ஒழித்துக் கொடுக்க, அங்கே ஒரு நர்சரி பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். இருபத்தாறு பேர் எப்படிப் பதினொரு பேர் ஆனார்கள் என்று விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து டீச்சருக்குக் கடிதம் வந்தது. உள்ளதை எழுதினால் பால்வாடியையே மூடிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். ஊரில் காய்ச்சல் என்று எழுதினார். காய்ச்சல்தான் என்று நானும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் போயிருந்தேன். சத்துமாவு உருண்டை தின்று முடித்த பதினொரு பிள்ளைகளும் தண்ணீருக்காக அலமாரி முன்னால் வந்து நின்றன. கழுவிய டம்ளர்கள் மேல்தட்டில் பளபளவென்று இருந்தன. எட்டாத உயரம் இல்லை. பிள்ளைகளின் நெற்றி மட்டம்தான். ஒருத்தரும் கையைத் தூக்கவில்லை. ஒரு பொடியன் குனிந்து, காலியாகக் கிடந்த கீழ்த்தட்டை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏட்டி பேச்சி, எடுத்துக் குடி. எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார் டீச்சர். அவள் அசையவில்லை.

"தெனமும் இப்படித்தான்" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு அவள் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தூக்கி, மேல்தட்டில் இருந்த டம்ளர் ஒன்றின் மேல் கொண்டுபோய் வைத்தார். விரல்கள் மூடியே இருந்தன. டீச்சர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கத் தொடங்கினார்.