என்னைக் குழியிலிருந்து மீட்டவர்கள்

ஆரணியில் பெய்கிற மழையில் பாதி என் தறிக்குழிக்குத்தான் வந்து சேரும். குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். குழியில் தண்ணீர் ஏறினால் வேலை நின்றது. ஐப்பசி வந்துவிட்டால் நான் புடவை நெய்ததைவிடத் தண்ணீர் இறைத்ததுதான் அதிகம்.

அதனால்தான் சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் கேமராவோடு வந்து, "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டபோது சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தெருவுக்கு ஒரு கால்வா கட்டிக் குடுங்க சார். வேற ஒண்ணும் வாணாம்." தலையை ஆட்டினார். டீ போடலாமென்று எழுந்தேன். "எழுந்திரிக்காதீங்க. சிரிக்காதீங்க" என்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிரவுசிங் சென்டர் எங்கள் ஊருக்கு வந்த புதிது. அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெண் சில மாதம் கழித்து ஓடி வந்தாள். "அக்கா, உன்ன கம்ப்யூட்டர் கேம்ல போட்டிருக்காங்க. ஜல்தி வா!"

போய்ப் பார்த்தேன். இடுப்பு வரை மண்ணில் புதைந்தவளாக நான். தறியைக் காணோம், படத்திலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் கேள்வி வரும். சரியான பதிலுக்கு நான் ஒரு படி மேலே ஏறுவேன், தப்பென்றால் உள்ளே போவேன். முழுசாக வெளியே வந்தால், விளம்பரம் கொடுக்கிற கம்பெனி எங்களைப் போன்றவர்களுக்கு நன்கொடை தரும். ஒரு காலேஜ் பெண் மும்முரமாக என்னைத் தூக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யோ, நீங்களா! வெளிய வந்துட்டீங்களாக்கா?"

"சாப்பாட்டுக்கு வந்தேம்மா. மறுபடி எறங்கணும்."

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வயிறு எரிந்தது. அந்தக் குழியில் உட்கார்ந்துதான் ஓட்டு வீட்டைத் தளம் போட்ட மெத்தை வீடாக்கினேன், தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். அது என் ஆபீஸ் ஐயா! ஒரு ஆபீசரைப் படமெடுத்து, நாற்காலியை மட்டும் அழித்துவிட்டு, பாவம் அந்தரத்தில் தொங்குகிறார் என்று காட்டினால் சும்மா இருப்பாரா? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன். உலகமே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டட்டும், அந்தக் காசில் கால்வாய் வந்தால் போதும்.

அடுத்த மழைக்கு முன்னால் அதே தொண்டு நிறுவனத்துக்காரர் வந்தார். வாசலில் ஒரு லோடு மண் இறங்கியது, பின்னாலேயே சிமெண்ட் மூட்டைகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கால்வா வேலைங்களா சார்?"

"இல்லம்மா. விளையாடினவங்க எல்லாம் உங்கள வெளிய கொண்டு வரத்தான் குடுத்திருக்காங்க. அந்தக் குழிய மூடிடப் போறோம்." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா? தறியில பாதிப் புடவ நிக்குது, கண்ணு தெரில?"

"மூடறத படம் எடுக்கணும்மா. கொஞ்சம் தள்ளிக்குங்க."

மண்வெட்டியோடு ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். நான் அவர்களை முந்திக்கொண்டு போய்க் குழியில் காலை விட்டு உட்கார்ந்தேன்.

"மூடு, பாக்கலாம்" என்றேன்.