பதினாலாம் நம்பர்

எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசில், எந்த மலையில் என்றைக்குக் கொழுந்து எடுக்க வேண்டும் என்று சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற அதன் வரலாறு முழுவதும் சப்வெர்ஷன் என்ற பழைய பதிவு மென்பொருளில் கிடந்தது. துரை அதை ‘கிட்’ என்ற புது மென்பொருளுக்கு மாற்றச் சொன்னார். துரை என்றால் மேனேஜர். அவரும் தமிழர்தான், வெள்ளைக்காரர் காலத்துப் பட்டம் மட்டும் மாறவில்லை.

சிக்கல் ஒன்றுதான். ஆபீசில் எல்லாரும் ‘கிராணி’, அதாவது குமாஸ்தா, என்ற ஒரே லாகினில் நுழைந்து வேலை செய்திருந்தார்கள். சப்வெர்ஷனைக் கேட்டால் எல்லாவற்றையும் கிராணியே செய்தார் என்று சாதிக்கும். நல்ல வேளையாக ஒவ்வொரு பதிவின் குறிப்பும் அதை எழுதியவரின் நம்பரோடு தொடங்கியது. கொழுந்து எடுப்பவர்களுக்கு இருப்பதுபோல ஆபீஸ்காரர்களுக்கும் இங்கே நம்பர் உண்டு. நான் பதினாலு. நம்பருக்கு நேராகப் பெயரை எழுதிப் பட்டியல் போட்டேன், ஒரே காலையில் மாற்றி முடித்தேன். பெரும்பாலான பதிவுகள் என் பெயரில் வந்து நின்றன. இவ்வளவு உழைத்திருக்கிறேனா என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஓர் அக்கா போன் செய்தார். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர். கோலாலம்பூரில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தார், அங்கே தன் வேலையைக் காட்டத் துரையிடம் அனுமதி வாங்கி, மாற்றிய பதிவுகளைத் திறந்து பார்த்திருந்தார்.

“தம்பி, நாளைக்கு இன்டர்வியூ. ஆறு வருஷம் எழுதினேன் லா. என் பேரு ஒரு இடத்துலகூட இல்லையே?”

“பாக்கிறேன்க்கா” என்றேன்.

புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே ஒருவர் வேலையை விட்டால் அவருடைய நம்பர் அடுத்து வருபவருக்குப் போய்விடும். எனக்குக் கிடைத்த பதினாலு, அதற்கு முன்பு அவருடையது. எஸ்டேட்டில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மறந்திருந்தேன். மறந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் எங்கே முடிகிறார், நான் எங்கே தொடங்குகிறேன் என்று தேடினேன். ஒரு பதிவு கண்ணில் பட்டது.

“14: இன்னியோட நான் வேலைய விட்டு நிக்கிறேன். மழை பெஞ்ச மறுநாள் எந்த மலைன்னு இது இன்னும் தப்பாத்தான் சொல்லுது. அடுத்து வர்றவங்க பாத்துக்குங்க.”

எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். வெட்கமாக இருந்தது. அந்தத் தப்பு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அந்தத் தேதியில் பதினாலை இரண்டாக வெட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி மாற்றினேன். சாயங்காலம் அக்கா பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“எல்லாம் வந்துருச்சு தம்பி. மேல பதினோரு பதிவு வேற பேர்ல இருக்கே, அது யாரோடது?”

“என்னோடதுக்கா.”



“ரெண்டு வருஷத்துலயா?” என்றார்.