இரும்பு அலமாரியில் என் மகளின் சான்றிதழ்கள்

சென்ற ஆண்டு ஜூலையில், நாகர்கோவிலை அடுத்த ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் நடந்தது இது. என் மகள் அங்கே ஒப்பந்த விரிவுரையாளர். மே மாதத்தோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் மறுபடி கூப்பிட்டால் உண்டு. நாலு வருடம் இப்படியே போயிற்று.

சென்னையில் ஒரு நிரந்தர வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவளை அழைத்திருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணி. அசல் இல்லாமல் போய்ப் பயனில்லை. பத்தாம் வகுப்பு முதல் பிஎச்.டி. வரை அவளுடைய அசல் எல்லாவற்றையும், சேர்ந்த அன்றே கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. பாதியில் யாரும் போய்விடக் கூடாதாம்.

ஒரு வாரமாகக் கேட்டும் தரவில்லை. அன்று நானும் கூடப் போனேன். முதல்வர் வெளியூரில், அவர் சொல்லாமல் முடியாது என்றார்கள். பதினொரு மணிக்கு பெஞ்சில் உட்கார்ந்தோம். மாலை ரயிலுக்கு டிக்கெட் என் சட்டைப்பையில். மணி மூன்றானது. சத்தம் போட எழுந்த என்னை மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீங்கதானப்பா குடுக்கச் சொன்னிய. எல்லா எடத்திலயும் உள்ளதுதான்னு."

உண்மைதான். வடசேரியில் துணிக்கடை நடத்தும் எனக்கு அன்றைக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

மூன்றரைக்கு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அலுவலகப் பெண்மணி எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். தட்டுத் தட்டாகப் பழுப்பு உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மகளின் உறையை உருவி, நோட்டில் கையெழுத்து வாங்கினார்.

உங்களுக்குப் பிரச்சினை வராதா என்று கேட்டேன்.

"வரும். எனக்க சர்ட்டிபிகேட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க பஸ்ஸப் பிடிங்க அண்ணாச்சி."

கடைசி ஐந்து நிமிடத்தில் மகளை ரயிலேற்றினேன். வண்டி போனது. நேராகக் கடைக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். கடையில் நிற்கும் இரண்டு பெண்களின் பிளஸ் டூ சான்றிதழ்கள் உள்ளே கிடந்தன. சொல்லாமல் நின்றுவிடக் கூடாதென்று நான் வாங்கி வைத்தவை. கூப்பிட்டு நீட்டினேன். ஒருத்தி வாங்கவில்லை, முகம் வெளுத்துப்போயிற்று.

"நாளையில இருந்து வரண்டாமா அண்ணாச்சி?"

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கல்லூரி அலுவலகத்தில் அந்தப் பெண்மணியின் இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறாராம். அந்தப் பெண்மணிக்கு அவருடைய உறை திரும்பக் கிடைத்ததா என்பது தெரியாமல், கடையில் காலியாகக் கிடக்கும் அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் இன்றும் என் கை ஒரு நொடி தயங்கி நிற்கிறது.