மூக்கால் மூச்சு விடுங்கள்

பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றுப்போனவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்தும் ரேஷன் கார்டு விண்ணப்பமும்தான். அப்படிப்பட்டவன் பிறர் படிக்கும்படி ஒன்றை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் எனக்கு நாலு பேருக்கு முன்னால் பேச்சு வராது. நான் பல் டாக்டரிடம் போய் வந்த பிறகு, கடற்கரையில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து, "அங்கன என்னண்ணே செஞ்சாங்க?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்லலே, சும்மா போ" என்று அனுப்பிவிட்டேன். அது பொய். அதனால்தான் எழுதுகிறேன்.

தூத்துக்குடியில் சங்கு குளிப்பது, அதாவது கடலடியில் இறங்கிச் சங்கு எடுப்பது, என் தொழில். வெளியூர்க்காரர்கள் முத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் கடலில் முத்தைப் பார்த்ததே இல்லை. படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான குழாய் வரும். குழாயின் முனையில் இருக்கும் ரப்பர் மவுத்பீஸைப் பல்லால் கடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் கீழே கிடக்க வேண்டும். முகத்தில் மாட்டும் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும். மூச்சு முழுக்க வாயால்தான்.

இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதன் மறுமுனையை மனைவியுடன் பிறந்தவன் கையில்தான் கொடுப்போம். அக்காள் தாலியைப் பற்றிய கவலை அவனுக்குத்தான் இருக்கும் என்பது எங்கள் வழக்கம். ஒரு தரம் இழுத்தால் நலம். மூன்று தரம் இழுத்தால் தூக்கு. என் கயிற்றைப் பதினாறு வருடமாக என் மச்சினன் பிடிக்கிறான்.

கடித்துக் கடித்து இடது பக்கம் மேல்வரிசையில் இரண்டு பற்கள் கீறல் விட்டன. குழாயில் வரும் காற்று அதில் பட்டால் காது வரைக்கும் வெட்டும். வலது பக்கமாகக் கடித்துப் பழகினேன். ஒரு நாள் ஏழு பாகம், நாற்பது அடிக்கு மேல், ஆழத்தில் மறதியாக இடது பக்கம் கடித்துவிட்டேன். வலியில் வாய் தானாகத் திறந்துவிட்டது. மவுத்பீஸ் போய்விட்டது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். எத்தனை தரம் இழுத்தேன் என்று தெரியாது. மச்சினன் தூக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து, அவன் அக்காள் முன்னால் வைத்துத்தான் சொன்னான்.

"அத்தான், பல்லைச் சரிபண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் கயிறு பிடிக்க மாட்டேன்."

"வேற ஆளு பிடிப்பான்" என்றேன்.

"பிடிப்பான், பிடிப்பான்" என்றாள் என் மனைவி. "எங்க தம்பி பிடிக்காம நீங்க இறங்குங்க, பாப்போம். நானும் படகுல வந்து ஏறிக்கிடுதேன்."

ஆகப் பல் இல்லையென்றால் கடல் இல்லை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். சாத்தான்குளம் பக்கம். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேர் நன்றாக இருக்கிறது, மேலே சுற்றிலும் செதுக்கி உறை மாதிரி இரண்டு கேப் போட்டால் போதும் என்றார். அவர் சொன்னதில் செதுக்கி என்ற சொல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

முதல் தடவை நாற்காலியைச் சாய்த்ததும் எழுந்துவிட்டேன். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டேன். கழுத்தில் அவர்கள் கட்டிவிட்ட பச்சைத் துணி அப்படியே இருந்ததை ஒரு பூக்காரம்மா சொல்லித்தான் பார்த்தேன். அந்தத் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போகவும் வெட்கமாக இருந்தது. மனைவிதான் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டாம் தடவை ஊசி வரைக்கும் போட்டுக்கொண்டேன். பிறகு அந்தக் குச்சி மிஷின் சுற்றிக்கொண்டு வாய்க்குள் வந்தது. அதிலிருந்து தண்ணீர் பீச்சும் என்று யாரும் சொல்லவில்லை. மல்லாந்து கிடக்கிறேன், தொண்டைக்குத் தண்ணீர் போகிறது. எங்கள் தொழிலில் வாய்க்குள் தண்ணீர் வந்தால் ஒரே அர்த்தம்தான். யோசிக்கிறதுக்கு முன்னாலேயே உடம்பு மேலே கிளம்பிவிடும். கிளம்பிவிட்டது. டாக்டர் கையிலிருந்ததும் பக்கத்துத் தட்டில் இருந்ததும் தரையில் கிடந்தன. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பயப்படுதவங்களுக்குன்னு ஒரு கேஸ் இருக்கு அண்ணாச்சி, சிரிப்பு வாயுன்னு சொல்லுவாங்க" என்றார். "மூக்குல மாஸ்க் வச்சு குடுப்போம். தூங்க வைக்காது. மனசு லேசாயிரும், அவ்வளவுதான். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. கடல்ல இறங்கி எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு நாளு."

"சரி. கடல்ல இருந்து ஏறின உடனே இந்தக் கேஸ் குடுக்கக் கூடாது. குடுத்த பொறவும், நான் சொல்லுத வரைக்கும் இறங்கக் கூடாது."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் நிலை கொள்ளவில்லை. விடியுமுன் எழுந்து கடற்கரைக்குப் போவேன். படகுகள் கிளம்பிப் போனதும் திரும்பி வருவேன். வீட்டில் உட்கார்ந்தால் நாக்கு தானாக அந்த இரண்டு பல்லிடம் போய் நின்றது. உப்பளத்துப் பாதையில் காரணமில்லாமல் சைக்கிள் மிதித்தேன். வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு உட்கார்ந்தால், உட்கார்ந்த உடனே எழவேண்டும் போல இருந்தது.

குறித்த நாளில் மச்சினன்தான் கூட வந்தான். வரும் வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை.

"ஏழு பாகத்துல திருக்கை வாலு பக்கத்துல கிடந்து சங்கு பொறக்குன ஆளு நீங்க. அந்தப் பிள்ளைக்குப் போயி பயப்படுதியளே!"

"திருக்கை என் வாய்க்குள்ள வராதுல்லா மாப்ள."

டாக்டர் அவனைக் கால்மாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். அது என் நெஞ்சு அடிப்பதை ஊருக்கெல்லாம் கேட்கும்படி கீச் கீச்சென்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மூக்கின் மேல் ரப்பர் மாஸ்க்கை வைத்தார். இரண்டு பக்கமும் குழாய். "மூக்கால மூச்சு விடுங்க அண்ணாச்சி. நல்லா இழுத்து, மெதுவா விடுங்க" என்றார்.

தலையை ஆட்டினேன். கொஞ்ச நேரம் போனது.

"விரல் நுனியெல்லாம் சுருசுருங்குதா?"

ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் இந்நேரம் வந்திருக்கும், எனக்குத்தான் வரவில்லை போல என்று நினைத்தேன். மூன்றாவது தடவையாக இந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூச்சமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் எதையோ கொஞ்சம் கூட்டினார். "இப்ப கை கால் லேசா இருக்கா?" அதற்கும் ஆமாம் என்றேன். விரலில் இருந்த மிஷின் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"என்ன இது, கேஸ் போற மாதிரியே தெரியலையே?"

கால்மாட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "டாக்டரம்மா, அவரு மூக்கால மூச்சே விடல. வாயால விடுதாரு. நெஞ்சைப் பாத்தாலே தெரியுதுல்லா. மூக்குமேல எது பட்டாலும் அத்தான் மூக்கை அடைச்சிருவாரு. தொழில் பழக்கம்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் இழுக்கப் பார்த்தேன். வரவில்லை. மூக்கு என்னுடையதே இல்லை என்பதுபோல் இருந்தது. வெறி பிடித்ததுபோல் முக்கினேன். மூச்சு முட்டி வாய் திறந்துவிட்டது. டாக்டர் சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் செய்து காட்டினார். இரண்டு பேர் எனக்கு மூச்சு விடக் கற்றுக் கொடுக்கிறார்கள். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பாதியில் எழுந்து போய்விட வேண்டியதுதான் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

மச்சினன் சிரிப்பை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"அத்தான், இப்ப நீங்க கீழ இல்ல. மேல வந்தாச்சு. படகைப் பிடிச்சாச்சு. கண்ணாடியைக் கழத்தியாச்சு. கழத்துன உடனே என்ன செய்விய?"

கண்ணாடியைக் கழற்றியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மூக்கைச் சிந்துவோம்.

"சிந்துங்க."

நர்ஸ் மாஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் பலமாகச் சிந்தினேன். சிந்தியதும் உள்ளே ஒரு மூச்சு தானாகப் போயிற்று. மூக்கு வழியாக. "அதேதான், அதேதான், விட்டுராதீய" என்றான். அந்த மூச்சு நிற்பதற்குள் டாக்டர் மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டார்.

லேசான இனிப்பு வாடை வந்தது. விரல்நுனி சுருசுருத்தது. கால் கனம் போய்விட்டது. சுகமாக இருந்தது.

எழுத வேண்டும் என்று நினைத்ததே இனி வருவதைத்தான். அந்தச் சுகம்தான் என்னை மறுபடி உலுக்கியது. கம்ப்ரசருக்குப் போகும் காற்றில் இன்ஜின் புகை கலந்துவிட்டால் கீழே இருப்பவனுக்கு இப்படித்தான் வரும். தலை லேசாகும். கவலை போய்விடும். அப்படியே மணலில் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். படுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும். சுகம் வந்தால் கயிற்றை இழு என்றுதான் எங்களுக்குப் பழக்கம். டாக்டர் கை வாய்க்குள் இருந்ததால் பேச வழியில்லை, கையில் கயிறும் இல்லை. வலது காலை உதைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். "வலிக்குதா?"

மச்சினனுக்கு வலி இல்லை என்று தெரிந்துவிட்டது. என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"புகை இல்ல அத்தான். நல்ல காத்துதான். நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

பிறகு பாதத்தை ஒரு தரம் அழுத்தினான். ஒரே ஒரு தரம்.

கீழே கிடக்கும்போது நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்துத்தான் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு கிடப்பேன். அன்றும் டாக்டரின் கையும் வெளிச்சமும் மறைத்ததில் அவன் முகம் தெரியவில்லை. மிஷின் சுற்றியது. தண்ணீர் வந்தது. பக்கத்தில் ஒரு குழாய் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது போலத் தோன்றியது. அவ்வப்போது உதைத்துப் பார்த்தேன், ஒரு தரம். ஒவ்வொரு தடவையும் பதிலுக்கு ஓர் அழுத்தம் வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. முக்கால் மணி என்று பிறகு சொன்னார்கள்.

முடிந்ததும் வெறும் காற்றைக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். எழுந்தபோது என் கண்ணோரம் ஈரமாக இருந்தது. மச்சினன் கையை உதறிக்கொண்டு நின்றான்.

"கால் கழுவிட்டு வந்திருக்கலாம்லா நீங்க" என்றான்.

அளவு எடுத்து, தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துச் சரியான கேப் வந்தது. அன்று கேஸ் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் கேட்டிருந்தபடி மவுத்பீஸைக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன். எங்கே இடிக்கிறது என்று பார்க்க நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு மவுத்பீஸையும் கடிக்கச் சொன்னார். ஒரு மூலையைத் தேய்த்துவிட்டு, மறுபடி கடிக்கச் சொன்னார். நான் கடித்துக்கொண்டிருக்கும்போதே மச்சினன் குனிந்து, மவுத்பீஸின் முனையைப் பிடித்துத் தன் பலத்துக்கு இழுத்துப் பார்த்தான். டாக்டர் பதறிப்போனார்.

"ஏய் தம்பி, என்ன பண்ணுதிய!"

"இது வரலேன்னாத்தான் நான் நாளைக்கு வர முடியும்" என்றான்.

அது வரவில்லை.

டாக்டரும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டதால், மறுநாள் காலையில் தொழிலுக்குப் போனோம். ஆறு பாகம். கலங்கல் தண்ணீர். கயிறு அவன் பிடித்தான். நான்கு சங்கு கிடைத்தது. பதினொரு மணிக்குக் காற்று மாறியதால் சீக்கிரமே கரைக்கு வந்துவிட்டோம்.