இராயப்பு கொளுத்திய கப்பல்

ஃப்ரிபூர்க் நகரில் ஒரு சங்கம் உண்டு. கடலே இல்லாத நாட்டில் கடற்போர்களை ஆராயும் சங்கம். குளிர்காலம் முழுக்க உருக்கிய சீஸில் பாண் ரொட்டியைத் தோய்த்துத் தின்றபடி, எந்தத் தளபதி எந்தத் துறைமுகத்தில் கோட்டை விட்டான் என்று சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையில் தனக்கும் ஒரு கதிரை வேண்டும், தானும் உறுப்பினராக வேண்டும் என்பதுதான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்யும் இராயப்புவின் பேராசை. அதற்காகவே வருடக்கணக்காக அவர்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுத்துவந்தார்.

மன்னார்க் கத்தோலிக்கர் என்றால் மீனவர்தான் என்று சங்கத் தலைவர் க்ரெமோ தானாகவே முடிவு கட்டிவிட்டார். உண்மையில் இராயப்பு முருங்கனில் சைக்கிள் திருத்தியவர். கடலோடு அவருக்கிருந்த உறவு குழம்புச் சட்டியோடு சரி. ஆனாலும் மனிதர் மறுக்கவில்லை. போதாக்குறைக்குச் சுறாவோடு மல்லுக்கட்டிய கதையொன்றையும் அவிழ்த்துவிட்டார்.

அதன் பலன் இந்த ஓகஸ்ட் முதலாம் திகதி வந்தது. தேசிய நாளுக்கு ஏரியில் எரிகப்பல் விடப்போவதாகச் சங்கம் அறிவித்தது. அந்தக் காலத்தில் உளுத்துப்போன கப்பலில் தாரும் வைக்கோலும் அடைத்து, சுக்கானைக் கட்டி, நெருப்பு வைத்து, காற்று வாக்கில் எதிரியின் கப்பல்களுக்குள் அனுப்புவார்கள். எரிந்ததைவிட, பயத்தில் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு ஓடித் தங்களுக்குள் மோதிக்கொண்ட கப்பல்கள்தான் அதிகம் என்பார் க்ரெமோ. கொளுத்துகிறவன் பின்னால் கட்டிய சின்னத் தோணியில் இறங்கித் தப்ப வேண்டும். அந்த வேலைக்கு நம் மீனவரை விட்டால் யார்? செய்து முடித்தால் அன்றே உறுப்பினர் என்றார் தலைவர்.

"உங்களுக்கு விசரோ? நீந்தத் தெரியாத மனிசன் எரியிற கப்பலிலை ஏறுறதோ?" என்றார் மனைவி மக்டலின்.

"நெருப்பை வைக்கிறன், தோணியிலை இறங்கிறன். அதுக்கேன் நீச்சல்?"

மிதவைச் சட்டை கொடுத்தார்கள். சுறாவோடு மல்லுக்கட்டியவர் அதைப் போடுவாரா?

கரையில் கூட்டம். ஏரியில் எதிரிக் கப்பல்களாக, அட்டையில் பாய்மரம் ஒட்டிய மிதிபடகுகள். நடுவில் தன் சொந்தப் படகில் இறகுத் தொப்பியோடு க்ரெமோ. நகரபிதா பேசி முடித்ததும் கொம்பு ஊதுவார்கள்; அப்போதுதான் நெருப்பு வைக்க வேண்டும்.

புதுக் காரோ புது அடுப்போ, அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தாமல் இராயப்பு எதையும் தொடங்கியதில்லை. தார் பூசி வைக்கோல் அடைத்த கப்பலிலும் கொளுத்தினார். காற்றுப் படாமல் சுக்கானடியில் பக்தியோடு நட்டு, கண்ணை மூடிச் சிலுவை போட்டார். திறந்தபோது பின்பக்கம் தீ. கப்பலை மிதவையோடு பிணைத்திருந்த கயிறும் சின்னத் தோணியின் கயிறும் எரிந்து அறுந்துவிட்டன. தோணி ஒருபக்கம் போக, கப்பல் இராயப்புவோடு எதிரியை நோக்கிப் புறப்பட்டது. நகரபிதா அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"குதியுங்கள்! நீந்துங்கள்!" என்று க்ரெமோ கத்தினார்.

இராயப்பு கப்பலின் முன்முனையில் நின்று யோசித்தார். உண்மையைச் சொன்னால் கதிரை போய்விடும். மீசை கருகும்வரை யோசித்தார் என்றால் பாருங்கள்.

யோசிக்காதவர் மக்டலின்தான். நகரபிதாவின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்து, அவருக்கு நீந்தத் தெரியாது, அவர் சைக்கிள் கடைக்காரர், யாராவது காப்பாற்றுங்கள் என்று பிரெஞ்சில் அலறினார். அந்தக் குரல் ஏரி முழுக்கக் கேட்டது. இராயப்புவுக்கு வெட்கத்தைவிட அழுகைதான் வந்தது.

மிதிபடகுகள் நாலாபக்கமும் சிதறி, ஒன்றோடொன்று மோதி, பாய்மரம் முறிந்து நின்றன. க்ரெமோ மட்டும் புகைக்குள் படகை விட்டு, இராயப்புவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டார். அதில் அவருடைய புருவமும் இறகுத் தொப்பியும் போயின.

அடுத்த கூட்டத்தில் இராயப்பு வாசலிலேயே நின்றார். எதிரிப் படையை இவ்வளவு சீக்கிரம் ஓட்டிய எரிகப்பலைத் தான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை என்றார் புருவமில்லாத தலைவர். அவரைச் சேர்த்துக்கொள்ள எல்லோரும் கை தூக்கினார்கள். ஒரே நிபந்தனை, நீச்சல் பழக வேண்டும்.

இப்போது சனிக்கிழமைகளில் நகர நீச்சல்குளத்தில், பலகையைக் கட்டிப்பிடித்தபடி சிறுவர்களுக்கு நடுவே இராயப்பு தண்ணீர் குடிக்கிறார். முதல் நாளே பக்கத்தில் இன்னொருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெடவெடத்தார். மக்டலின்.

"உனக்கேனப்பா இது?"

"அண்டைக்குக் கரையிலை நிண்டு கத்தத்தானே முடிஞ்சுது. இனிமேல் அப்பிடி நிக்க என்னாலை ஏலாது."