அடி வரைக்கும் கலக்கிய கூழ்

இன்று ஆடி அமாவாசை. செஞ்சியில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு எங்கள் பஞ்சாயத்து யூனியன் மெம்பர் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவருடைய வேண்டுதல் அது.

வரிசையில் நான்தான் கடைசி. ஒவ்வொருவருக்கும் ஊற்றும் முன்பு அகப்பையை அண்டாவின் அடி வரைக்கும் விட்டுக் கலக்கினார். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் விடவில்லை.

“இன்னாத்துக்குங்க இவ்ளோ கஷ்டம்?” என்று எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்டார்.

“நொய்யி அடியில தங்கிடும்மா. கலக்காம மொண்டா முன்னாடி நிக்கிறவனுக்குக் கெட்டியா போயிடும். கடைசி ஆளுக்கு வெறும் தண்ணி. அங்காளம்மா சும்மா வுடுவாளா?”

என் முறை வந்தது. சொம்பை நீட்டினேன்.

“பள்ளிக்கூடத்துப் பணத்தையும் இப்படிக் கலக்கி ஊத்தக் கூடாதா மெம்பரே?”

பஞ்சாயத்து யூனியன் வந்தால் எல்லாப் பள்ளிக்கும் விடியும் என்று நம்பியவன் நான். போன யூனியன் கூட்டத்தில் கட்டடப் பணம் முழுவதும் ரோட்டோரப் பள்ளிக்கே போய்விட்டது. நான் பாடம் நடத்தும் ஊர்க்கோடிப் பள்ளியில் கூரை ஒழுகுகிறது. நேற்றும் மழை வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அகப்பை நின்றது.

“அது யூனியன் விஷயம் சார். இது சாமி விஷயம்.”

“அந்தப் புள்ளைங்களும் அவ புள்ளைங்கதானே?”

மெம்பர் மறுபடியும் அடி வரைக்கும் கலக்கி, என் சொம்பு நிறைய ஊற்றினார்.

கூழ் கெட்டியாகத்தான் இருந்தது.

அடுத்த யூனியன் கூட்டத்துக்கு அங்காளம்மனை எப்படி வரவழைப்பது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.